மை காயாத பேனா

“செத்துப்போனவர் எழுதறார்னா, மையும் அவரேதானே வாங்கிக்கணும்?” என்று கேட்டார் பேனா டாக்டர். வந்தவர் சிரிக்கவில்லை.

பேனா டாக்டர் என்பது தெருவே சேர்ந்து வைத்த பெயர். பழைய பேனாக்களைத் துடைத்து, பழுது பார்த்து, விலை சொல்கிறவர். பேய் பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிப்பார். கரப்பான் பூச்சிக்கு மட்டும் கொஞ்சம் பயம்.

வந்தவர் மேசைமேல் வைத்தது ஒரு வெள்ளிப் பேனா. “அப்பாவோடது. அவர் போய் மூணு வருஷமாச்சு. வீட்டுல நானும் அம்மாவும் மட்டும்தான். தினம் விடிஞ்சா சாப்பாட்டு மேசையில ஒரு துண்டுச் சீட்டு கிடக்குது. ‘மைனா, குளிருது, கம்பளி போட்டுக்கோ.’ ‘மைனா, மாத்திரையை மறக்காதே.’ அம்மாவை மைனான்னு கூப்பிட்டது அப்பா ஒருத்தர்தான் சார். எழுத்தும் அச்சு அசல் அவரோடதே.”

அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“அம்மாதான் எழுதறாங்க, வேற யாரு? கேட்டா, ‘நான் எழுதலைடா’ன்னு சாதிக்கிறாங்க. பேனாவை அலமாரியில வெச்சுப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில வெச்சுக்கிட்டேன். அப்பவும் சீட்டு நிக்கலை. நான் படுத்தா கட்டை, அவங்க சாவியை உருவினா எனக்குத் தெரியவா போகுது?”

“சரி, நான் என்ன பண்ணணும்?”

“பேனாவைப் பார்த்தே எழுதின ஆளைச் சொல்லுவீங்களாமே. அம்மாதான்னு தெரிஞ்சா நாளைக்கே முதியோர் காப்பகத்துல சேர்த்துடுவேன், இடம்கூடப் பேசிட்டேன். இல்லைன்னா எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும். எப்படி இருந்தாலும் இந்தச் சனியனை இன்னிக்கே வித்துடணும். விலையும் சொல்லுங்க.”

பேனா டாக்டர் கண்ணில் லென்சைப் பொருத்திக்கொண்டார். மூடியின் விளிம்பில் கடுகளவு முத்திரை. சுத்த வெள்ளி. உடம்பெல்லாம் கொடி கொடியாகச் செதுக்கல், அதற்குள் கறுப்பு ஏறியிருந்தது. மெல்லிய துணியில் சுண்ணப்பொடியைக் குழைத்து மேலாக மட்டும் துடைத்தார். பள்ளத்தில் இருக்கிற கறுப்பை எடுத்தால் பழசின் அழகு போய்விடும், பாதி விலையும் கூடவே போய்விடும்.

“நிப்பு தங்கம் சார். உங்கப்பா ரசிகர்தான். நல்ல நிலையில வித்தா ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கலாம்.”

பிறகு நிப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கினார். மூன்று வருடம் மூடிக் கிடந்த பேனாவில் மை பாறையாய் இறுகியிருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க ஊறினால்தான் இளகும். இதுவோ தண்ணீர் பட்டதும் நீலமாய்க் கலங்கிவிட்டது. காலையில்தான் எழுதியிருக்கிறார்கள்.

நிப்பைத் துடைத்து மறுபடி லென்சுக்கு அடியில் பிடித்தார். எழுதுகிற கை எப்படிச் சாய்கிறதோ, நிப்பின் நுனியும் அப்படித்தான் தேயும். இது ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தது. வேறு கை தொட்ட சுவடே இல்லை.

“உங்கம்மா இடக்கையா சார்?”

“இல்லையே, வலக்கை. அப்பாதான் இடக்கை. ஏன்?”

பேனா டாக்டர் பேனாவைச் சட்டென்று மேசைமேல் வைத்துவிட்டார். இத்தனை வருடம் சிரித்த சிரிப்பு இப்போது வரவில்லை.

“சும்மா கேட்டேன். முழுசாப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். போயிட்டு வாங்க.”

வந்தவர் வலது மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். “பதினோரு மணிக்கு வர்றேன்” என்று படியிறங்கிப் போனார்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

“தம்பி, இப்போ போனது என் பையன். அவன் போகட்டும்னுதான் எதிர்ப்பக்கம் நின்னுட்டிருந்தேன்.”

பேனா டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். “பயப்படாதீங்கம்மா. நீங்க எழுதலைன்னு பேனாவே சொல்லுது. இது இடக்கை ஆள் எழுதினது. உங்க பையன்கிட்ட நான் சொல்லிடறேன். நீங்க எந்தக் காப்பகத்துக்கும் போக வேண்டாம்.”

“ஐயையோ, அதை மட்டும் சொல்லிடாதீங்க தம்பி! நான்தான் எழுதறேன்னு சொல்லுங்க. பேனா விலை போகாதுன்னு சொல்லி அவன் கையிலயே திருப்பிக் கொடுத்துடுங்க.”

“உங்களைக் கொண்டுபோய் விட்டுடுவாரும்மா!”

“விடட்டும்.”

பேனா டாக்டர் பேனாவைப் பார்த்தார். அந்த அம்மாளைப் பார்த்தார். “அப்போ… நிஜமாவே அவர்தான் வர்றாரா? நீங்க பார்த்திருக்கீங்களா?”

“எழுதறதை தினமும் பார்க்கறேன். பக்கத்துலயே உட்கார்ந்து, மூச்சுக் காட்டாம பார்த்துட்டிருப்பேன்.”

அவர் பேனாவை எடுத்து இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டார். கண் நிறைந்து வழிந்தது.

“அவங்கப்பா போனப்போ என் பையன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை தம்பி. மறுநாளே ஆபீஸ் போனான். கல்நெஞ்சுக்காரன்னு ஊரே பேசிச்சு.”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“தூக்கத்துல எழுந்து வந்து எழுதறது அவன்தான் தம்பி… அவனுக்கே தெரியாது.”