மாறுகண் பூனை

பூனையின் ஒரு கண் நீதிபதி அம்மாவைப் பார்த்தது. இன்னொரு கண் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தது.

"இதுக்கு மேல என்னங்கம்மா சாட்சி வேணும்?" என்றார் வக்கீல் பழமலைநாதன். "குடிச்சிட்டு வச்ச கண்ணு. பாத்தாலே தெரியுது."

விருத்தாசலத்தில் குடும்ப வழக்குகளை விசாரிக்கிற நீதிமன்றம் அது. மேசைமேல் இருந்தது உள்ளங்கை அளவுப் பீங்கான் பூனை. செய்தவன் அர்ச்சுனன், ஊரில் ஒரு பொம்மைக் கம்பெனியில் கண் வைக்கிறவன். அச்சில் ஊற்றுவதையும் சாயம் பூசுவதையும் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். கடைசியாகக் கண் வைக்க மட்டும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

பொம்மைக்குக் கண் வைத்த கை, வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்கவில்லை. குடித்துவிட்டு வந்து மனைவி இளமதியை அடித்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், போன வருஷம் போகியன்று மகள் வெண்பாவைத் தூக்கிக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சிக்கு, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

வழக்கு இழுத்துக்கொண்டே போய், சென்ற மாதம்தான் உத்தரவு வந்தது. அவள் இருக்கிற தெருப்பக்கம் அவன் தலைகாட்டக் கூடாது. குடியை விட்டால் சனிக்கிழமைகளில், இங்கேயே குழந்தைகள் அறையில் வைத்து மகளைப் பார்த்துக்கொள்ளலாம். மறுபடி குடித்தது தெரிந்தால் அதுவும் கிடையாது.

போன சனிக்கிழமை அவன் மகளுக்குக் கொண்டு வந்ததுதான் இந்த மாறுகண் பூனை. வெண்பாவுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. இப்போதும் பக்கத்து அறையில், என் பூனையை எப்போது தருவீர்கள் என்று ஆலோசகர் அம்மாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவனிடம் சாராய வாடை எதுவும் இல்லை என்று ஆலோசகர் சொல்லியிருக்கிறாரே என்று கேட்டார் நீதிபதி. இளமதியின் வக்கீலான பழமலைநாதன் அதற்கெல்லாம் அசருகிற ஆளா? கோர்ட்டுக்கு வருகிற அன்றைக்கு எவன் குடிப்பான், பூனைக்குக் கண் வைத்தது அதற்கு முன்னால் ஏதோ ஒரு நாள்தானே என்றார். பிறகு பைக்குள் கையை விட்டு இன்னொரு பூனையை எடுத்து வைத்தார்.

அதே அச்சு, அதே அளவு. கண் இரண்டும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. வால்தான் இல்லை.

அந்த வால் போன கதையை வக்கீல் ரசித்து ரசித்துச் சொன்னார். போகியன்று காலையிலிருந்தே குடித்தவன், அன்றைக்குக் கண் வைத்த, சாயம்கூடக் காயாத பூனையைக் கம்பெனியிலிருந்து கொண்டு வந்து மகள் கையில் கொடுத்தானாம். சோறு போடத் தாமதம் என்று அதையே பிடுங்கி இளமதிமேல் வீசினானாம்.

"ஆளு எப்படின்றதுக்கு வாலு சாட்சிங்க. அப்ப கை எவ்ளோ நிதானமா இருந்துச்சுன்றதுக்கு கண்ணு சாட்சி. இப்ப அந்தக் கையும் போயிடுச்சு, குடி அவ்ளோ முத்திடுச்சு. பேருதான் அர்ச்சுனன். கண்ணுக்குக் குறி வச்சா நெத்தியில போயி விழுது."

குமாஸ்தாகூடச் சிரித்துவிட்டார். அர்ச்சுனன் மட்டும் தலை நிமிரவில்லை. கையை நீட்டச் சொன்னார் நீதிபதி. நீட்டினான். விரல்கள் தந்தியடித்தன.

"நடுங்குதுங்கம்மா. ஆனா சத்தியமா குடிக்கலீங்க. கம்பெனியிலகூட கண்ணு வைக்க வேணாம்னு பொட்டி கட்டற எடத்துல போட்டுட்டாங்க. எம் பொண்ண மட்டும் பாக்க வுடுங்க."

குடிக்கவில்லை என்று சத்தியம் செய்யாத குடிகாரனை அந்த அறை இதுவரை பார்த்ததில்லை. நீதிபதி பேனாவைத் திறந்தார். ஆனால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதுவதற்கு முன்னால், வக்கீலை உட்காரச் சொல்லிவிட்டு, அடிபட்டவளை நேராகக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவார்.

இளமதி எழுந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜென்மத்துக்கும் அவன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று பழமலைநாதன் அவள் காதோரம் முணுமுணுத்தார். அவளும் அதைத்தான் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த வூட்டுக்கு நான் இனிமே போக மாட்டேங்க," என்று ஆரம்பித்தாள். தெருப்பக்கம் வரக்கூடாது என்ற உத்தரவு அப்படியே இருக்க வேண்டும் என்றாள். அடித்ததை மறக்கிற எண்ணம் தனக்கு இல்லை என்றும் சொன்னாள். வக்கீல் திருப்தியாகத் தலையாட்டினார்.

பிறகு அவள் இரண்டு பூனைகளையும் கையில் எடுத்தாள். நேர்க்கண் பூனையை ஓரமாகத் தள்ளிவைத்தாள். மாறுகண் பூனையை முந்தானையால் துடைத்து நீதிபதியிடம் நீட்டினாள்.

"இத எம் பொண்ணுகிட்ட குடுத்துடுங்கம்மா. சனிக்கிழம அவரு வந்து பாக்கட்டும்."

வக்கீலின் தலை பாதியில் நின்றது. நீதிபதிக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. கை இந்த ஆட்டம் ஆடியிருக்கிறதே, பிறகும் அவர் குடிக்கவில்லை என்று எப்படி நம்புகிறாய் என்று கேட்டார்.

இளமதி அர்ச்சுனன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"குடிச்சிருந்தா அவரு கை ஆடியிருக்காதுங்கம்மா."