நோ சிக்னல்

முதலில் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அடுத்து, ஷிப்டுக்கு ஊதும் சங்கை நிறுத்தினார்கள். அதற்கடுத்து குழாயில் தண்ணீர் நின்றது. அதற்கும் அடுத்து, மழைக்கு ஒழுகும் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு ஓடு மாற்ற ஆள் வரவில்லை.

எந்தக் கூட்டத்திலும் தொழிற்சங்கத் தலைவர் சைலஸ் இந்த வரிசையை மாற்றிச் சொன்னதில்லை. இன்று அதன் கடைசியில் ஒன்று சேர்ந்தது. வாடகைக்கு எடுத்த மானிட்டர் வேலை செய்யவில்லை.

"இது சதி" என்றார்.

மாரிகுப்பம் சங்கக் கட்டடத்தில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. கூரைக் கண்ணாடி வழியே இறங்கிய வெயிலில் தூசி மெல்ல மிதந்துகொண்டிருந்தது. சுரங்கத்துக்குள் போய்த் திரும்பாதவர்களின் நினைவு நாள். எந்தச் சுரங்கம், எந்த ஷிப்ட் என்று சொல்லி, சைலஸ் ஒவ்வொரு பெயராகப் படிப்பார். கூட்டம் ஒரே குரலில் "மேல வந்துட்டாரு" என்று சொல்லும். அப்படிச் சொன்ன பிறகுதான் அந்த ஆள் சுரங்கத்தின் கேஜ் லிப்டில் ஏறி வெளிச்சத்துக்கு வந்ததாக இங்கே அர்த்தம்.

இந்த வருஷம் பெயரோடு முகமும் வரும் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் லவினா வீடு வீடாகப் போய்ப் பழைய படங்களை வாங்கி லேப்டாப்பில் ஏற்றியிருந்தாள். நேற்று ஒத்திகையில் மானிட்டர் பளிச்சென்று இருந்தது. இன்று ஒரே கறுப்பு. "நோ சிக்னல்" என்ற எழுத்து மட்டும் தூக்கத்தில் நடப்பதுபோல அதில் இங்குமங்கும் அலைந்துகொண்டிருந்தது.

"இன்னாமா ஆச்சி?"

"மானிட்டர் ஒண்ணு இருக்குன்னே லேப்டாப்புக்குத் தெரியல, அங்கிள்."

"கண்ணெதிர்லதானே கீது."

லவினா ஒயரைக் கழற்றி மாட்டினாள். வேறு ஒயர் போட்டுப் பார்த்தாள். லேப்டாப்பை அணைத்து மறுபடி எழுப்பினாள்.

"மண்டையில ஒண்ணு தட்டும்மா" என்றார் பின்பெஞ்சிலிருந்து டென்சில். "எங்க வூட்டு டிவி அப்படித்தான் வழிக்கு வரும்."

"உன்னையும் அப்படித்தான் வழிக்குக் கொண்டாந்தாங்களா?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது.

முன்பெஞ்சில் பார்வதம்மா மட்டும் சிரிக்கவில்லை. கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர்போல மாம்பழக் கலரில் புதுப் புடவை. புருஷன் முனிரத்தினத்தின் படம் ஒன்றுகூட அவர் வீட்டில் இல்லை. கம்பெனியின் பழைய பைல்களில் ஆட்களின் படம் இருக்கிறது, லவினா தேடுகிறாள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"அவுரு மூஞ்சி எனக்கே மறந்து போச்சுண்ணா" என்றார் சைலஸிடம். "கனவுல வராரு. முதுகைத்தான் காட்றாரு. கூப்ட்டா திரும்ப மாட்றாரு. இன்னைக்கு ஒரு தபா பாத்துட்டா போதும்."

"பாக்கலாம்மா. நான் கீறேன்ல."

சொல்லிவிட்டார். ஆனால், மேனேஜரின் ஜீப்புக்கு முன்னால் படுத்து மறித்தவருக்கு இந்தப் பெட்டியை எந்தப் பக்கம் நின்று மறிப்பது என்று தெரியவில்லை. தெரியாத கோபமெல்லாம் லவினா மேல் போயிற்று.

"தினம் ரயிலேறி பெங்களூர் போற. அங்க முதலாளி பொட்டியெல்லாம் நல்லா ஓடும். நம்ம செத்தவங்க மூஞ்சின்னா மட்டும் பழுதாயிடும். அப்படித்தானே?"

லவினா தலை நிமிரவில்லை. "எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான், அங்கிள்."

"இதுக்குப் படிப்பு வேற" என்றார் டென்சில்.

சைலஸ் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றார். லேப்டாப் திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் 1 என்றும் மற்றதில் 2 என்றும் போட்டிருந்தது.

"இந்த ரெண்டு இன்னா?"

"மானிட்டர்."

"அப்போ அதுக்குத் தெரியுது."

"தெரியுது, அங்கிள்" என்றாள் அவருக்கு மட்டும் கேட்கும்படி. "லேப்டாப்ல மட்டும் காட்டுன்னு நான்தான் மாத்தி வெச்சேன்."

வாழ்நாள் முழுவதும் சதி, சதி என்று கத்தியவரிடம் முதல் முறையாக ஒருத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள். சைலஸ் கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

அவள் விரல் நகர்ந்தது. முகங்கள் வரத் தொடங்கின. மீசை வைத்த முகம், கல்யாணக் கோட்டில் ஒரு முகம், மீசையே முளைக்காத ஒன்று. ஷிப்ட் முடிந்து ஒவ்வொருவராகக் கேஜிலிருந்து இறங்கி வருவதுபோல வந்தார்கள். நடுவில் ஒரு சாம்பல் நிறச் சதுரம். அடியில் முனிரத்தினம் என்ற பெயர் மட்டும்.

"அந்த பைல் முழுக்கத் தண்ணியில ஊறிப் போயிருந்திச்சி. பேர் மட்டும் வந்தா போதும்னு நெனச்சேன். இவங்க இப்படி உடுத்திக்கிட்டு வந்து முன்னால உக்காருவாங்கன்னு நெனக்கல. எல்லார் மூஞ்சியும் வந்து இவருது மட்டும் வரலன்னா... அதுக்கு யாருதுமே வரவேணாம்னுதான்."

சைலஸ் நிமிர்ந்து பார்த்தார். பார்வதம்மா அந்தக் கறுப்புக் கண்ணாடியை நோக்கி, சுரங்கத்தின் ஷாப்டுக் குழிக்குள் எட்டிப் பார்ப்பவர்போலக் குனிந்திருந்தார்.

சைலஸ் மானிட்டரின் ஒயரைப் பிடுங்கினார். சுருட்டித் தன் ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார்.

"மானிட்டர் அவுட். இன்னைக்குத் தேறாது. பொண்ணு மேல தப்பில்ல."

"உங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியுமாண்ணா?" என்றார் டென்சில்.

"உன்னைவிடத் தெரியும். உக்காரு."

பிறகு, கூட்டங்களில் யாரும் கேட்டிராத ஒரு தாழ்ந்த குரலில் சொன்னார்: "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. அவங்கவங்க ஆளை அவங்கவங்களே பாத்துக்குங்க."

கூட்டம் கண்ணை மூடியது. பார்வதம்மாவும் மூடினார். லவினா லேப்டாப்பை மூடினாள். வழக்கமாக நடுவில் வரும் பெயரை சைலஸ் முதலில் படித்தார்.

"மைசூர் மைன்ஸ். நைட் ஷிப்ட். முனிரத்தினம்."