கோட்டுக்குப் பின்னால்

பதினோராவது நாளும் அந்தச் செயற்கைக் கால் நகர மறுத்தது. மருத்துவமனையின் நடைப்பயிற்சி அறையில் இருபுறக் கம்பிகளைப் பிடித்தபடி, தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வெண்ணிலா சிலை மாதிரி நின்றாள். நாலு மாதம் முன்புவரை நூறு மீட்டரில் மாவட்டத்தையே பின்னால் ஓடவிட்டவள். ஒரு லாரி அவளது இடது முழங்காலுக்குக் கீழே எதையும் மிச்சம் வைக்கவில்லை. இன்றும் ஓர் அடி வைக்க முடியாவிட்டால், காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சக்கர நாற்காலியோடு வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

பார்க்க வந்த ஜெசிந்தா, மாவட்ட ஓட்டங்களில் அவளுக்கு அடுத்து எப்போதும் இரண்டாவதாக வந்தவள், ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"என்னடி, கோடு ரொம்பப் பிடிச்சுப் போச்சா?"

"போடி. விழுந்துடுவேன்னு பயமா இருக்கு."

ஜெசிந்தா அவள் முதுகுக்குப் பின்னால் போய், துப்பாக்கிச் சத்தத்துக்குப் பதிலாகக் கைதட்டத் தயாராக உள்ளங்கைகளை விரித்தாள்.

"ஆன் யுவர் மார்க்ஸ்..."

வெண்ணிலாவுக்கு முதுகு சிலிர்த்தது.

"செட்..."

கைதட்டல் வரவில்லை.

"ஃபால்ஸ் ஸ்டார்ட்!" என்று கத்தினாள் ஜெசிந்தா. "ஸ்டேட் மீட்லயும் இப்படி முந்திக் கிளம்பித்தானே எனக்குத் தங்கம் குடுத்த! திருந்தவே மாட்டியா?"

"பொய் சொல்லாத! நான் அசையவே இல்ல!" வழக்கம்போலச் சண்டைக்குத் தலையைத் திருப்பினாள் வெண்ணிலா.

"கீழ பாருடி."

பார்த்தாள். செயற்கைக் கால், மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு முழம் முன்னால் நின்றது.

"ரூல்படி நீ அவுட்டு." ஜெசிந்தா மறுபடியும் உள்ளங்கைகளை விரித்தாள். "ஆனா இன்னிக்கு நான்தான் ஸ்டார்ட்டர், இன்னொரு தடவை விடுறேன். கோட்டுக்குப் பின்னால வா."

வெண்ணிலா கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள்.