காப்பீடு கேட்காத தேதிகள்

மகளின் பிரசவத்துக்காக டொரான்டோ போக, தில்லைநாயகியும் கணவர் பொன்னரசுவும் கணினியில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள். பயணக் காப்பீடு வேண்டுமா என்று விமான நிறுவனம் கேட்டது. போவதற்கு இருவரையும் கேட்டது. மே மாதம் திரும்புவதற்கு அவளை மட்டும் கேட்டது.

நாயகி உடனே நிறுவனத்துக்குப் போன் செய்தாள்.

“அவருக்கு மட்டும் ஏங்க இல்ல?”

“சிஸ்டம் முடிவு பண்றது மேடம். காரணம் எங்களுக்கும் தெரியாது,” என்ற பெண், சற்றுத் தயங்கிவிட்டு, “ஆனா அது ஒருத்தரைக் கேக்காம விட்டா, இதுவரைக்கும் தப்பாப் போனதில்ல,” என்றாள்.

பொன்னரசு திரும்பும் தேதியை மாற்றி மாற்றிப் பார்த்தார். வேறு விமானங்களையும் பார்த்தார். ஏப்ரல் பாதி வரை அவரையும் கேட்டது. அதற்குப் பிறகு எந்த விமானத்திலும் கேட்கவில்லை.

“அப்ப விமானத்துல ஒண்ணும் இல்ல,” என்றார் மெதுவாக.

நாயகி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாம போகவே வேணாங்க. இங்கயே இருந்துடலாம்.”

“இங்க இருந்தா மட்டும்?” என்று கேட்டவர், திரையில் நாள்காட்டியை மார்ச்சுக்கு நகர்த்தினார். “குழந்தை மார்ச்லயே பொறந்துடும்ல?”

அவள் தலையசைத்தாள்.

“அப்பக் கொஞ்ச நாள் தூக்கி வச்சுக்கலாம்.”

அவளுக்குப் போகவர டிக்கெட் போட்டார். தனக்குப் போவதற்கு மட்டும் போட்டார்.