அடைபட்ட ஓட்டை

சேலத்துக்கு எக்கோ மெஷின் வந்த புதிது. திரையைப் பார்த்த டாக்டரம்மா முகம் மலர்ந்தார்.

"பொன்னாத்தா, உன் இதயத்தோட கீழறைகளுக்கு நடுவுல இருந்த ஓட்டை தானாவே மூடிக்கிச்சு!"

மோகனூர் பொன்னாத்தாள் பதறி எழுந்தாள். "எங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லிராதீங்க! அந்த ஓட்டைக்குப் பயந்துதானுங்க, கல்யாணமாகி ஆறு வருசமா அவரே சமைக்கிறாரு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "உன் வீட்டுக்காரர் ராசப்பன் நேத்தே தனியா வந்தாரும்மா. ஓட்டை மூடியிருந்தா உன்கிட்டச் சொல்லவே கூடாதாம். 'அவ வெச்ச ரசத்தை ஒரே ஒருநாள் குடிச்சேனுங்க. ஓட்டையைச் சாக்கு வெச்சு அன்னிக்கே கரண்டியப் புடுங்கிட்டேன்'னு கும்பிட்டார். நோயாளிகிட்ட மறைக்க முடியுமா?"

பொன்னாத்தாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்று பெஞ்சிலிருந்து எழுந்தான் ராசப்பன்.

"ஓட்டை மூடிக்கிச்சாம். இனி மூணு வேளையும் நான்தானுங்க சமைப்பேன்!"

ராசப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.