தூக்கத்தில் மூச்சு நின்றவர்

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில், கம்பெனி டாக்டர் கொடுத்தனுப்பிய உறையைக் கிரேன் ஆபரேட்டர் சுப்பராயன் நீட்டினார். மேனேஜர் பிரித்துப் படித்துவிட்டுக் கத்தினார்.

“தூக்கத்துல குறட்டையாம், நடுநடுவுல மூச்சே நிக்குதாம்! அதனால மறதி, தப்பு முடிவு, தேவையில்லாத கோபம்! நீ கிரேன்ல குந்தினா நாலு பேரு செத்துருவாங்கய்யா!”

“சார், அது வந்து…”

“வாய மூடு!”

சுப்பராயனுக்கு ரத்தம் கொதித்தது. இருபது வருஷத்தில் அவர் தூக்கிய ஒரு கம்பிக்கட்டுகூடக் கீழே விழுந்ததில்லை.

மேனேஜர் அந்த ரிப்போர்ட்டின் மீதே, ‘இவரை இன்றே வேலையிலிருந்து நீக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“எடுத்துக்கினு போய் ஹெட் ஆபீஸ்ல குடு!”

“குடுக்கறேன். அப்படியே சீலும் குத்திடுங்க சார்,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் சுப்பராயன். “டாக்டர்கிட்ட டெஸ்ட் எடுத்துக்கினது நீங்க. மேல இருக்கிற பேரும் உங்களுது.”