புவனாவின் கை

பழனியில் இருந்த அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மரபணு பார்க்கும் தானியங்கி இயந்திரம் வந்ததிலிருந்தே புவனாவுக்குச் சோறு இறங்கவில்லை. இதுவரை அந்த வேலையைக் கையால் செய்து வந்தவள் அவள்தான்.

இன்று வெள்ளோட்டம். புவனா ஏற்கெனவே பார்த்து முடிவு எழுதிய ரத்தத்தை இயந்திரமும் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் இனி எல்லாம் இயந்திரம்தான். ஊழியர்களே வெள்ளோட்டத்துக்குத் தங்கள் ரத்தத்தையும் வீட்டார் ரத்தத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். குழாய்களில் பெயர் இல்லை, எண்ணும் வயதும் மட்டும்தான்.

"ஏங்க்கா இப்படி பயப்படுறீங்க? மெசின் வந்தாலும் உங்களுக்கு இங்க சோலி இருக்கும்க்கா," என்றாள் உடன் வேலை பார்க்கும் ஸைமா.

புவனா ஈரமில்லாத கைகளைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்திருந்தாள்.

டாக்டர் ஜுபைர் துள்ளிக்கொண்டு வந்தார்.

"அப்படியே ஒத்துப்போகுதும்மா! அந்தச் சின்னப் பையன் ரத்தத்துல நீங்க கண்டுபிடிச்ச அதே தசை நோயைத்தான் மெசினும் சொல்லுது. உங்க கை ஒரு தடவைகூடத் தப்புனதே இல்ல!"

எல்லோரும் கைதட்டினார்கள். புவனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழாதீங்கக்கா. வேலை எங்கயும் போயிராது."

"போகட்டும் ஸைமா. மலைப்படி ஏறுறப்ப எம்மவன் அடிக்கடி விழுறான்னு சொன்னேன்ல? அது அவன் ரத்தம். இந்த ஒரு தடவையாவது என் கை தப்பியிருக்கணும்னு முருகன்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன்."